பதிவேட்டில் பிறந்த தூய்மை

"ஐயா, சான்றிதழ் பொய்யா, குட்டி பொய்யா?"

வரலாற்றுப் பாடம் முடிந்த வேளையில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. வகுப்பு சிரித்தது. நானும் முதலில் சிரித்தேன்; பிறகு சிந்தித்தேன்.

நடந்தது இதுதான். அவன் தெருவிலே வசதி படைத்தவர் ஒருவர், லாப்ரடார் இணையொன்றை வளர்த்து வருகிறார். ஆணும் கறுப்பு, பெட்டையும் கறுப்பு. பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் பொறித்த சான்றிதழ் இரண்டுக்கும் உண்டு. "சுத்த ரத்தம்! சுத்த ரத்தம்!" என்பது அவர் நாள்தோறும் ஓதும் மந்திரம். பெட்டை ஏழு குட்டிகளை ஈன்றது. நான்கு கறுப்பு, இரண்டு மஞ்சள், ஒன்று பழுப்பு!

சினம் பொங்கிற்று செல்வருக்கு. யார்மேல்? பெட்டையின்மேல்! எந்தத் தெருநாயோ மதிலைத் தாண்டி வந்துவிட்டது என்றார், காவற்காரனை வைதார். நாய்க்கும் கற்புச் சோதனை நடத்தும் காலம் வந்துவிட்டது, பாரீர்! கறுப்புக் குட்டிகள் விலைக்குப் போயின. மஞ்சளும் பழுப்பும் 'கலப்படம்' என்று முத்திரை குத்தப்பட்டு, கேட்டவருக்கெல்லாம் கொடுக்கப்பட்டன. அந்தப் பழுப்புக் குட்டி என் மாணவன் வீடு வந்து சேர்ந்தது. அதனால்தான் அவன் கேட்டான்: சான்றிதழ் பொய்யா, குட்டி பொய்யா?

நாயைப் பற்றிய கேள்வியென்று தள்ளிவிடலாம். ஆனால், தூய்மை என்ற சொல் எங்கே எழுந்தாலும், அது யார் வீட்டுச் சொல், எப்போது பிறந்த சொல், யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்ட சொல் என்று கேட்டறிவது பகுத்தறிவாளர் கடமையல்லவா? கேட்போம்.

தூய்மைக்கு வயது என்ன?

நாய், மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. ஆனால் 'தூய இன நாய்' என்ற எண்ணத்துக்கு வயது ஏறத்தாழ நூற்றைம்பதே!

முன்னாளில் நாயைத் தொழில் கொண்டே அடையாளம் கண்டனர். ஆட்டை மேய்ப்பது ஆட்டு நாய். முயலைத் துரத்துவது வேட்டை நாய். வாயிலைக் காப்பது காவல் நாய். வேலை நன்றாகச் செய்யும் நாயோடு வேலை நன்றாகச் செய்யும் நாயைச் சேர்த்தனர். காது நின்றதா, மடிந்ததா என்று அளந்து பார்ப்பார் எவருமில்லை.

1859ஆம் ஆண்டு, சூன் திங்கள், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே நாய்க் கண்காட்சியொன்று நடந்தது. முறைப்படி நடந்த முதற் கண்காட்சியென்று அதனைக் குறிப்பர். போட்டியிட்டவை பாயிண்டர், செட்டர் என்ற இருவகை வேட்டை நாய்களே. பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! வேட்டைக்காரர் விழாவுக்கு ஏற்ற பரிசுதான்.

அதே 1859ஆம் ஆண்டு, நவம்பர் திங்களிலேதான், சார்லஸ் டார்வின் தம் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலை வெளியிட்டார். அந்நூலின் முதல் அத்தியாயம் எதைப் பற்றியது? வீட்டு விலங்குகளிடையே காணப்படும் வேறுபாடுகளைப் பற்றியது! உயிர்கள் மாறிக்கொண்டேயிருக்கின்றன என்று ஓர் அறிஞர் உலகுக்கு உரைத்த ஆண்டிலேயே, மாறாத வடிவத்துக்குப் பரிசளிக்கும் வழக்கமும் தொடங்கிற்று. வரலாறு சில வேளைகளில் இப்படிக் கேலி செய்யும்.

1873இல், நாடாளுமன்ற உறுப்பினரான சுவாலிஸ் ஷர்லி என்பார் தலைமையிலே, இலண்டனில் 'கென்னல் கிளப்' தோன்றிற்று. அடுத்த ஆண்டு, 1874இல், அது தன் முதற் பதிவேட்டை வெளியிட்டது. பதிவேடு வந்தது, பரம்பரை வந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் இலக்கணம் வகுத்தனர்: உயரம் இத்தனை, நிறம் இன்னது, வால் இவ்வாறு. நாளடைவில் கதவும் மூடப்பட்டது. தாயும் தந்தையும் ஏட்டில் இருந்தால் பிள்ளைக்கும் ஏட்டில் இடம். இல்லையேல் எத்துணைத் திறமை இருந்தாலும் இடமில்லை.

கதவு மூடப்பட்டபோது உள்ளே இருந்தவை எவை? கலப்பிலே பிறந்தவையே! லாப்ரடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவின் கீழ்க்கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், மீனவர்க்குத் துணையாயிருந்த கறுப்பு நாய்களின் வழிவந்தது அது. வலை இழுக்கவும் தண்ணீரில் நீந்தவும் பழகிய அந்த உழைப்பாளி நாயை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரிட்டிஷ் பிரபுக்கள் கொண்டுவந்து தம் மாளிகைகளில் வளர்த்தனர். 1903இல் கென்னல் கிளப் அதனைத் தனி இனமென ஏற்றது. மீனவன் குடிசையில் இருந்தவரை அது நாய். பிரபுவின் மாளிகைக்கு வந்ததும் அது 'வம்சம்'!

மறைந்தது மறையவில்லை

இனி, செல்வர் வீட்டுப் பெட்டையின் வழக்கை விசாரிப்போம்.

லாப்ரடாரின் நிறத்தை முதன்மையாக இரு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, மயிரின் சாயம் கறுப்பா, பழுப்பா என்று சொல்வது. மற்றொன்று, அந்தக் கருஞ்சாயம் மயிரில் வெளிப்படலாமா, கூடாதா என்று சொல்வது. கூடாது என்றால், நாய் மஞ்சள். ஒவ்வொரு குட்டியும் ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியும் பெறுகிறது. கறுப்புப் படி ஒன்று இருந்தால் போதும். பழுப்புப் படி அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். ஒளிந்ததே தவிர, ஒழியவில்லை!

பழுப்பையும் மஞ்சளையும் மறைவாகச் சுமக்கும் இரு கறுப்பு நாய்கள் கூடினால் விளைவது என்ன? சராசரியாகப் பதினாறு குட்டிகளில் ஒன்பது கறுப்பு, மூன்று பழுப்பு, நான்கு மஞ்சள். மதில் தாண்டிய நாய் எதுவும் தேவையில்லை. பெட்டை குற்றமற்றவள். காவற்காரனும் குற்றமற்றவன். தந்தை என்று ஏட்டில் எழுதப்பட்டவனே தந்தையாக இருக்க, இத்தனை நிறமும் வரும்.

இக்கணக்கின் அடிப்படையைக் கண்டவர் கிரிகர் மெண்டல். பிரனோ நகரத் துறவி மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணி எண்ணிக் கண்டறிந்தார். 1865இல் உரைத்தார், 1866இல் அச்சிட்டார். உலகம் கேட்கவில்லை. 1900ஆம் ஆண்டில்தான் அறிஞர்கள் அவர் கண்டதை மீண்டும் கண்டனர். கண்காட்சி நடத்தியோர் இலக்கணம் வகுத்த காலத்தில், மரபு எவ்வாறு இயங்குகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. தோலைப் பார்த்தனர், குருதியைக் கண்டுவிட்டதாக எண்ணினர்.

அந்த அறியாமைக்கு விலை கொடுத்தவை குட்டிகள். லாப்ரடார் கறுப்பாகவே இருக்கவேண்டும் என்று கருதிய காலத்தில், மஞ்சளும் பழுப்பும் விரும்பப்படவில்லை. ஒதுக்கப்பட்டதும் உண்டு, கொல்லப்பட்டதும் உண்டு. 1899இல் பிறந்த 'பென் ஆஃப் ஹைட்' என்ற மஞ்சள் நாயே, ஏற்பு பெற்ற முதல் மஞ்சள் லாப்ரடார் என்பர். அதன் பெற்றோர் கறுப்பே! இன்று மூன்று நிறமும் இலக்கணத்துக்கு உட்பட்டவை. அன்று பழி, இன்று அழகு. மாறியது நாயன்று, ஏடு!

நிறத்தோடு நிற்பதுமில்லை வேறுபாடு. மஞ்சள் என்ற ஒரு சொல்லுக்குள்ளே, வெண்ணெய் நிறம் முதல் நரியின் செந்நிறம் வரை உண்டு. கண்காட்சிக்கென வளர்த்த லாப்ரடார் பருத்து நிற்கும். வேட்டைக்கென வளர்த்தது மெலிந்து விரையும். ஏட்டில் இரண்டும் ஒன்று. கண்ணுக்கோ இரண்டும் வேறு.

பாட்டனை விலக்கிய குடும்பம்

இன்னொரு வழக்கு. செர்மனியிலே, 1899ஆம் ஆண்டு, மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, செர்மன் ஷெப்பர்டு இனத்துக்கெனக் கழகம் கண்டார். ஏட்டின் முதல் நாய் ஹோராண்டு. அந்த ஹோராண்டின் தாய்வழிப் பாட்டன் கிரைஃப் என்பது வெள்ளை நாய்! ஆகவே வெண்மை, அந்த இனத்தின் அடித்தளத்திலேயே கலந்திருந்தது. பேரன்மார் வழியே அது மறைந்து மறைந்து வந்து, அவ்வப்போது வெள்ளைக் குட்டியாக வெளிப்பட்டது.

1933இல் இன இலக்கணம் திருத்தப்பட்டு, வெண்மை விலக்கப்பட்டது. இட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டும் அதுவே. ஆண்டு ஒன்று என்பதற்காகக் காரணமும் ஒன்றே என்று நான் கூறேன். ஆனால் பாட்டனின் நிறத்தோடு பிறந்த குட்டியை, 'நீ எங்கள் குலமல்ல' என்று கூறிய அறிவீனத்தை எப்படிக் கூறாதிருப்பது?

விலக்கப்பட்ட வெள்ளை நாய்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்ந்தன. அங்கிருந்து சுவிட்சர்லாந்து வந்தன. அனைத்துலக நாய்க் கூட்டமைப்பு, அவற்றை 2003இல் தற்காலிகமாகவும், 2011இல் முழுமையாகவும், வேறோர் இனமென ஏற்றது. ஒரே குடும்பத்தை நிறத்தால் வெட்டி, இரு குலமாக்கி, இரு பெயர் சூட்டியாயிற்று!

நம் நாட்டிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. தென்பாண்டிச் சீமையிலே, கருமேனி நாயைக் கன்னி என்றும், செவலை நாயைச் சிப்பிப்பாறை என்றும் அழைக்கிறோம். இரண்டும் தனித்தனி இனம் என்பாரும் உண்டு. ஓரினத்தின் இரு நிறம் என்பாரும் உண்டு. ஓர் இனம் எங்கே முடிகிறது, மற்றோர் இனம் எங்கே தொடங்குகிறது என்பதை இயற்கை கோடு போட்டுக் காட்டவில்லை. கோடு போடுபவன் மனிதன்.

ஓநாயிடமிருந்து வந்த குள்ளம்

நிறம் கிடக்கட்டும், உயரம்? ஓரினத்திலேயே ஒன்று நெடியதாகவும் ஒன்று குறியதாகவும் இருப்பதேன்?

இதற்கு விடை கிடைத்த கதை நெஞ்சைத் தொடுவது. அமெரிக்காவிலே, யூட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் லார்க் என்ற உயிரியல் அறிஞர் இருந்தார். போர்த்துகல் நாட்டு மீனவர் வளர்த்த 'வாட்டர் டாக்' என்ற இனத்து நாயொன்று அவரிடம் இருந்தது. பெயர் ஜார்ஜி. 1996இல் அது இறந்தது. அவ்வினம், அமெரிக்காவில் மிகச்சில முன்னோரிடமிருந்து பெருகியது. ஆயினும் அதன் இலக்கணம் உயரத்தில் பெரும் இடைவெளிக்கு இடந்தந்தது. ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இனம் ஏது? நாய் வளர்ப்போர் முன்வந்தனர். நூற்றுக்கணக்கான நாய்களின் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து அளந்தனர், குருதி கொடுத்தனர். வளர்ப்போரின் அன்பும் அறிஞரின் உழைப்பும் கைகோத்தன.

2007இல், எலைன் ஆஸ்ட்ராண்டர் முதலான அறிஞர் பலரும் சேர்ந்து முடிவை வெளியிட்டனர். ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவில் உள்ள வேறுபாடு, சிறிய நாயையும் பெரிய நாயையும் பிரிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. அதுமட்டுமன்று. உலகிலுள்ள சிற்றுரு இனங்கள் ஏறத்தாழ அனைத்தும் அதே வடிவத்தைச் சுமக்கின்றன! 2022இல் இன்னொரு வியப்பு: ஏறத்தாழ 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாயிடமும் அந்தக் குறுமை வடிவம் இருந்தது. பெருமாட்டியின் மடியில் தவழும் குட்டிநாயின் குள்ளத்தை எந்தச் சீமானும் படைக்கவில்லை. அது காட்டு ஓநாயின் சொத்து!

மரபணு மட்டுமே எல்லாம் என்றும் எண்ணிவிட வேண்டா. தாயின் வயிற்றிலே கிடைத்த ஊட்டம், பிறந்தபின் கிடைத்த உணவு, நோய், உழைப்பு இவையெல்லாம் உடலை வனைகின்றன. தற்செயலுக்கும் பங்குண்டு. டால்மேஷியன் நாய் பிறக்கும்போது புள்ளியே இராது; வெண்மையாகப் பிறந்து, சில வாரங்களில் புள்ளி காணும். புள்ளி உண்டு என்பது மரபு. எந்தப் புள்ளி எங்கே விழும் என்பதைப் பரம்பரை வரைந்து வைக்கவில்லை. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

கல்லும் வாக்குச்சீட்டும்

டால்மேஷியன் என்றதும் நினைவுக்கு வருகிறது, தூய்மையின் வரலாற்றிலேயே மிகக் கசப்பான பக்கம்.

பிற நாய்களின் உடல், யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. டால்மேஷியனோ யூரிக் அமிலத்தை மிகுதியாகச் சிறுநீரில் கழிக்கிறது. 1916ஆம் ஆண்டளவிலேயே இதனை அறிவியலார் குறித்தனர். அமிலம் கல்லாகும். கல், சிறுநீர்ப் பாதையை அடைக்கும். குறிப்பாக ஆண் நாய்கள் சிறுநீர் கழிக்க இயலாது துடிக்கும். அடைப்பை நீக்கினாலன்றிப் பிழையா.

ஏட்டிலுள்ள நாய்களுள் நல்ல மரபணு உள்ளதைத் தேடி எடுத்தால் தீருமே என்பீர்கள். தேடினர். இல்லை! ஏட்டிலிருந்த தூய டால்மேஷியன் அனைத்தும் அக்குறையையே இருபடியாகச் சுமந்தன. மூடிய அறைக்குள்ளே மருந்து இல்லை. கதவைத் திறந்தாக வேண்டும்.

1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலார் கதவைத் திறந்தார். டால்மேஷியன் பெட்டையைப் பாயிண்டர் நாயோடு ஒரே ஒருமுறை சேர்த்தார். பிறந்த குட்டிகளுள் நல்ல மரபணு பெற்றதைத் தேர்ந்து, மீண்டும் டால்மேஷியனோடு சேர்த்தார், மீண்டும், மீண்டும். கணக்கைப் பாருங்கள்: முதல் தலைமுறையில் பாயிண்டரின் பங்கு பாதி, இரண்டாவதில் கால், மூன்றாவதில் எட்டில் ஒன்று, நான்காவதில் பதினாறில் ஒன்று, ஐந்தாவதில் முப்பத்திரண்டில் ஒன்று. உருவம் டால்மேஷியன், புள்ளி டால்மேஷியன், கல் மட்டும் இல்லை!

1981இல் அமெரிக்க கென்னல் கிளப், அவ்வழி வந்த இரு நாய்களை ஏட்டில் ஏற்றது. எழுந்தது எதிர்ப்பு! டால்மேஷியன் கழகத்தார் ஒப்பவில்லை. பதிவு நின்றது. நாய் துடிக்கிறது, மருந்து கையில் இருக்கிறது, 'ஆனால் இனம் கெட்டுவிடுமே' என்று கைகள் கட்டிக்கொண்டன. அந்த நாய்களுக்கு வாக்குரிமை இருந்திருந்தால் எப்பக்கம் வாக்களித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

2008இல் அந்தக் குறையுள்ள மரபணு இன்னதென்று ஆய்வாளர் கண்டறிந்தனர். 2010இல் பிரிட்டனிலும், 2011இல் அமெரிக்காவிலும் ஏடு இறங்கிவந்தது. முதற் கலப்பிலிருந்து முழு ஏற்பு வரை 38 ஆண்டுகள்! முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு முப்பத்தெட்டு ஆண்டுத் தண்டனை!

டால்மேஷியன் தனிக்கதை அன்று. 2008இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர், பிரிட்டனின் பதிவேடுகளைக் கணக்கிட்டனர். ஏறத்தாழ 20,000 பாக்சர் நாய்கள் இருந்தும், மரபு வளத்தைப் பார்த்தால் 70 நாய்களுக்கே ஈடு என்றனர். தலை எண்ணிக்கை பெருகிற்று; உள்ளிருப்பு வற்றிற்று. அதன்பின் 2009இல், தாயோடு மகனையும், தந்தையோடு மகளையும், உடன்பிறந்தாரையும் சேர்த்துப் பெற்ற குட்டிகளைப் பதிவதில்லை என்று பிரிட்டனின் கென்னல் கிளப் விதி செய்தது. வேறுபாடு என்பது இனத்துக்கு நேர்ந்த இழுக்கு அன்று. இனத்தின் சேமிப்பு என்பதை ஏடு கற்றுக்கொள்ள 136 ஆண்டுகள் ஆயின.

நாயோடு நின்றதா?

நாய்க் கொட்டிலோடு இந்தச் சிந்தனை நின்றிருந்தால், இத்துணை எழுதவேண்டியதில்லை. லியான் விட்னி என்றொருவர் அமெரிக்காவில் இருந்தார். நாய் வளர்ப்பில் வல்லவர். அவரே அந்நாட்டின் 'இன மேம்பாட்டுக் கழக'த்தின் செயலாளராகவும் விளங்கினார். 1934இல், மனிதருக்குக் கட்டாயக் கருத்தடையை ஆதரிக்கும் நூலை எழுதினார். 1937இல், நாய்களை இனப்பெருக்குவது எப்படி என்ற நூலை எழுதினார். ஒரே கை, ஒரே பேனா! 1907இலேயே இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியிருந்தது; 1933இல் செர்மனி இயற்றிற்று. அதன் முடிவு எங்கே போய் நின்றது என்பதை வரலாறு அறியும்.

மனிதர் கூட்டம் நாய் இனத்தைப் போன்றதன்று என்பதை அறிவியல் தெளிவாகக் காட்டியுள்ளது. ஏடு மூடி, துணையைத் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைத்த நாய்களிலேயே, மொத்த மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 27 விழுக்காடுதான் இனத்துக்கும் இனத்துக்கும் இடையே உள்ளது என்று 2004இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. மிச்சமெல்லாம் இனத்துக்கு உள்ளேயே! மனிதரிடமோ, ரிச்சர்டு லெவான்டின் 1972இல் காட்டியபடி, ஏறத்தாழ 85 விழுக்காடு வேறுபாடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்துக்கும் உள்ளேயே அடங்கியிருக்கிறது. நாய்க்கே பொருந்தாத தூய்மைக் கதையை மனிதனுக்குப் பொருத்துவோரை என்னென்பது! பிறப்பைக் காட்டி உயர்வும் தாழ்வும் பேசுவோர் நம் நாட்டிலும் உளர். அவர்கள் ஒருமுறை லாப்ரடார் ஈற்றைப் போய்ப் பார்த்து வரட்டும்.

மறுநாள் வகுப்பிலே கரும்பலகையில் கட்டம் வரைந்தேன். நான்கு வரிசை, நான்கு நிரல். ஒன்பது கறுப்பு, மூன்று பழுப்பு, நான்கு மஞ்சள். அந்த மாணவனே எழுந்து வந்து எண்ணினான். பிறகு சொன்னான்: "அப்படியானால் குட்டியும் பொய்யில்லை, சான்றிதழும் பொய்யில்லை. 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்' என்று சான்றிதழில் யாரும் எழுதவில்லை. அவராகத்தான் அதில் படித்துக்கொண்டார்."

நான் சொல்ல எண்ணியதை அவன் சொல்லிவிட்டான். கட்டத்தை அழிக்காமல் விட்டு வந்தேன். அடுத்த வகுப்பாரும் பார்க்கட்டும் என்று.